பலூனைத் தூக்கும் குளிர்காற்று

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஆல்புகர்க்கி நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒன்பது நாள் பலூன் திருவிழா நடக்கிறது. 1972இல் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்றின் ஐம்பதாவது ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக, ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து 13 பலூன்கள் கிளம்பின. அடுத்த ஆண்டே முதல் உலக வெப்பக்காற்று பலூன் போட்டி அங்கே நடந்தது. 2000ஆம் ஆண்டில் பலூன்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. இடநெருக்கடி கருதி இப்போது ஐந்நூறு, அறுநூறு என்ற அளவில் வைத்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய பலூன் கூட்டம் இதுதான். இதைப் பார்க்க வரும் குழந்தைகள் விடிவதற்கு முன்பே எழுந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பறப்பதெல்லாம் முடிந்துவிடும். ஏன் இவ்வளவு அதிகாலையில்? ஏன் கோடையை விட்டுவிட்டு, குளிர் தொடங்கும் மாதத்தில்? பலூன் பற்றிக் குழந்தைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லித்தரும் ஒற்றை வாக்கியம், ‘சூடான காற்று மேலே எழும்’ என்பது. இந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை காண முடியாது. சூடுதான் பலூனைத் தூக்குகிறது என்றால், நண்பகல் வெயில் அதற்குத் துணையாக அல்லவா இருக்க வேண்டும்? நடப்பது நேர் எதிராக இருக்கிறது. பலூனைத் தூக்குவது அதைச் சுற்றியிருக்கும் குளிர்ந்த, கனமான காற்று. உள்ளே எரியும் நெருப்பு, பலூனின் எடையைக் குறைத்துக் கொடுப்பதோடு சரி. பலூன் திருவிழாக்களைக் குழந்தைகளுக்கான வகுப்பறையாக்க நினைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் வாதம்.

இந்தத் தெளிவு எளிதில் வந்ததில்லை. பலூனைக் கண்டுபிடித்தவர்களுக்கே அது இருக்கவில்லை. பிரான்சின் அனோனே ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் மோங்கோல்ஃபியே, எத்தியேன் மோங்கோல்ஃபியே சகோதரர்கள் 1783 ஜூன் 4 அன்று துணியும் காகிதமும் சேர்த்துச் செய்த பெரிய பலூனை ஊர்மக்கள் முன்னால் பறக்கவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில், மன்னர் பதினாறாம் லூயி பார்த்துக்கொண்டிருக்க, ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் கூண்டில் ஏறிச் சுமார் எட்டு நிமிடம் பறந்து, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உயிரோடு இறங்கின. நவம்பர் 21 அன்று பிலாத்ர் தெ ரோசியேயும் தார்லாந்த் பிரபுவும் பாரிஸ் நகரத்தின் மேல் ஏறத்தாழ 25 நிமிடம் மிதந்தார்கள். கயிற்றில் கட்டிவைக்காத பலூனில் மனிதர் பறந்தது அதுவே முதல் முறை. இவ்வளவு சாதித்த சகோதரர்கள், பலூனைத் தூக்குவது புகைக்குள் இருக்கும் ஒரு தனி வகை வாயு என்று நம்பினார்கள். புகை எவ்வளவு அடர்த்தியாக வருகிறதோ அவ்வளவு நல்லது என்று ஈர வைக்கோலையும் ஆட்டு மயிரையும் எரித்தார்கள். பலூன் எழும்பியது உண்மை. அதற்கு அவர்கள் கொண்ட காரணம் பொய். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர் தெ சொசூர், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொண்டு புகையே இல்லாமல் சூடு மட்டும் கொடுத்தாலும் பலூன் எழும் என்று காட்டிய பிறகுதான் புகை பற்றிய நம்பிக்கை தளர்ந்தது. இன்று பலூனில் எரியும் புரொப்பேன் வாயுவை எடுத்துக்கொண்டாலும், அது எரிந்து உண்டாகும் கலவை, ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால், சாதாரணக் காற்றைவிடப் பெரிதாக இலேசானதில்லை. எரிந்த பொருளுக்கு எந்த மாயசக்தியும் கிடையாது.

அதே 1783இல் பாரிசில் ஜாக் சார்ல் என்ற இயற்பியலர் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். ஹைட்ரஜன் காற்றைவிடப் பல மடங்கு இலேசானது என்பதை இங்கிலாந்தின் கேவண்டிஷ் 1766லேயே அளந்து சொல்லியிருந்தார். அந்த அளவை நம்பி சார்ல் ஹைட்ரஜன் பலூன் செய்தார். ஆகஸ்ட் 27 அன்று ஆளில்லாமல் அவர் பறக்கவிட்ட பலூன் கொனேஸ் என்ற கிராமத்தில் விழுந்தபோது, மிரண்டுபோன மக்கள் அதைக் கவைக்கோலால் குத்திக் கிழித்தார்கள். டிசம்பர் 1 அன்று அவரே ஏறிப் பறந்தார். சூடாகும் வாயு எவ்வளவு விரிகிறது என்பதைச் சொல்லும் விதி இன்று பாடநூல்களில் அவர் பெயரால்தான் இருக்கிறது. அதை 1802இல் அச்சில் வெளியிட்ட கே-லுசாக்கும் 1804இல் ஹைட்ரஜன் பலூனில் ஏறி ஏழாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போய்வந்தவர். புகையை நம்பியவர்களும் பறந்தார்கள், எடையை அளந்தவரும் பறந்தார். ஆனால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர் அளந்தவர் மட்டும்தான்: எவ்வளவு பெரிய பலூன் வேண்டும்? எத்தனை பேர் ஏறலாம்? குழந்தைகளிடம் நாம் வளர்க்க விரும்புவது இந்த இரண்டாவது வகை அறிவு என்றால், ‘சூடான காற்று மேலே எழும்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது அவர்களைப் புகைக் கட்டத்திலேயே விட்டுவிடுவதாகும்.

அளவுகளைப் பார்ப்போம். காற்றுக்கு எடை உண்டு என்பதைக் குழந்தைகள் வாய்ப்பாடமாகச் சொல்வார்கள். எவ்வளவு எடை என்று கேட்டால் பெரியவர்களே தயங்குவார்கள். கடல் மட்டத்தில், 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ இருக்கும். திருவிழாக்களில் நாம் பார்க்கும் நடுத்தரப் பலூன் ஒன்றின் கொள்ளளவு 2,200 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் பலூன் இல்லாமல் வெறும் காற்று இருந்திருந்தால் அதன் எடை 2,650 கிலோ. பலூனுக்குள் இருக்கும் காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரியும். ஒரு பகுதி கீழ்வாய் வழியாக வெளியேறிவிடும். மீதி உள்ளே தங்குவது சுமார் 2,080 கிலோ. இரண்டுக்கும் வித்தியாசம் 570 கிலோ. பலூன் துணி, கூடை, எரிப்பான், வாயு உருளைகள், ஆட்கள் எல்லாம் சேர்ந்து இந்த 570 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது கழித்து வரும் விடை இல்லை, உள்ளே தங்கிவிட்ட 2,080 கிலோ. வெறுமையாகத் தோன்றும் அந்த வண்ணக் கூடாரத்துக்குள் இரண்டு டன் காற்று இருக்கிறது. மொத்தக் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வெளியே போனதும் மனிதர் பறக்கிறார். எரிப்பானின் வேலை அந்தப் பங்கை வெளியே அனுப்புவதுதான். நெருப்பை மூட்டும் பலூனோட்டி, உண்மையில் சுமையை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

சுமை இறங்கினால் பலூன் இலேசாகும், சரி. இலேசான பொருள் ஏன் மேலே போக வேண்டும்? இங்கேதான் குளிர்காற்று வருகிறது. கிணற்று நீருக்குள் ஒரு வெற்றுக் குடத்தை வாய் மூடி அமுக்கிப் பிடித்தால் அது கையை மீறி மேலே வரும். குடத்துக்கு எழும் குணம் இருப்பதாக யாரும் சொல்வதில்லை. தண்ணீர் தள்ளுகிறது என்பது கைக்கே தெரிகிறது. குடத்தின் அடிப்பக்கத்தில் நீரின் அழுத்தம் மேல்பக்கத்தைவிட அதிகம், அந்த வித்தியாசம்தான் தள்ளுகிறது. காற்றிலும் இதே விதிதான், அளவுதான் சிறியது. 18 மீட்டர் உயரமுள்ள பலூனை எடுத்துக்கொண்டால், அதன் வாய்க்கும் உச்சிக்கும் இடையே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 210 பாஸ்கல் குறைகிறது. உள்ளே இருப்பது இலேசான காற்று என்பதால் அங்கே குறைவது சுமார் 165 பாஸ்கல்தான். கீழ்வாய் திறந்திருப்பதால் அங்கே உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றே. ஆகவே உச்சியில் உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 45 பாஸ்கல் கூடுதலாகத் துணியை மேல்நோக்கி அழுத்துகிறது. 45 பாஸ்கல் என்பது ஐந்து மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைக்கூட எட்டாத அளவு. வீட்டு ஜன்னல் திரையைக் கொஞ்சம் உப்பவைக்கும் அழுத்தம். அது நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் துணியின் மேல் பரவும்போது அரை டன்னுக்கு மேல் தூக்குகிறது. பலூன் துணி ஏன் அவ்வளவு மெல்லிய நைலானாக இருக்க முடிகிறது, கீழ்வாய் திறந்தே கிடந்தும் காற்று ஏன் கொட்டிவிடுவதில்லை என்ற கேள்விகளுக்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. வெளிக்காற்று கனமாக இல்லாவிட்டால் அந்த 210 இல்லை; 210 இல்லாவிட்டால் 45உம் இல்லை.

இனி அதிகாலைக்கு வருவோம். அதே பலூன், உள்ளே அதே 100 டிகிரி. வெளியே 10 டிகிரி குளிர் இருந்தால் அது சுமார் 660 கிலோவைத் தூக்கும். வெளியே 35 டிகிரி வெயில் அடித்தால் 440 கிலோதான் தூக்கும். மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ‘அப்படியானால் உள்ளே இன்னும் சூடாக்கினால் ஆயிற்று’ என்று தோன்றலாம். நைலான் துணி நீண்ட நேரம் தாங்கக்கூடியது சுமார் 120 டிகிரி வரைதான். அதற்கு மேல் துணி நலிந்து ஆயுள் குறையும். உள்ளே ஏற்றுவதற்கு ஓர் எல்லை இருக்கும்போது, வெளியே இறங்கியிருக்கும் வெப்பநிலைதான் பலூனோட்டியின் செல்வம். ஆல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று ஏற்கெனவே 15 சதவீதம் அளவுக்கு இலேசானது. தூக்கும் வலுவும் அந்த அளவு குறைவு. அந்த இழப்பை அக்டோபர் விடியலின் குளிர் ஓரளவு ஈடுகட்டுகிறது. அதிகாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சூரியன் தரையைச் சூடாக்கியதும் ஆங்காங்கே வெப்பக்காற்றுத் தூண்கள் எழும்பத் தொடங்கும்; பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிடுவது அவற்றில்தான். பலூனுக்கு அவை ஆபத்து. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. இந்த வெப்பத் தூண்களும் தாமாக எழுவதில்லை, சுற்றிலும் உள்ள குளிர்ந்த காற்று அடியில் புகுந்து அவற்றை மேலே தள்ளுகிறது என்பதைக் குழந்தை கவனித்துவிட்டால், பலூனையும் பருந்தையும் கடற்காற்றையும் ஒரே விதியில் கட்டிவிடலாம்.

ஆல்புகர்க்கியில் இன்னொரு அதிசயம் உண்டு. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. காற்று போகும் திசையில்தான் போக வேண்டும். ஆனாலும் அங்கே பல காலைகளில் பலூன்கள் தெற்கே போய், உயர எழும்பி, வடக்கே திரும்பி, கிளம்பிய மைதானத்துக்குப் பக்கத்திலேயே இறங்குகின்றன. இரவில் குளிர்ந்து கனத்த காற்று ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் போலவே சரிவைப் பார்த்துத் தெற்கு நோக்கி வழிகிறது. அதற்குச் சில நூறு மீட்டர் மேலே தெற்கிலிருந்து வடக்கே வீசும் காற்று இருக்கிறது. கீழடுக்கில் போய் மேலடுக்கில் திரும்பலாம். இதை அங்குள்ளவர்கள் ‘ஆல்புகர்க்கி பெட்டி’ என்று அழைக்கிறார்கள். இந்தத் திருவிழா அந்த ஊரில் வேரூன்றியதற்கு இந்தப் பெட்டி முக்கியமான காரணம். கனமான காற்று கீழே தங்கும் என்ற அதே உண்மைதான் பலூனைத் தூக்குகிறது, திசையும் காட்டுகிறது. கிளம்புவதற்கு முன் பலூனோட்டிகள் ஒரு சிறிய ஹீலியம் பலூனைப் பறக்கவிட்டு, அது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பெரிய பலூன்களைப் பார்க்க வந்த குழந்தைக்கு முதலில் காட்ட வேண்டியது அந்தச் சிறிய பலூனைத்தான்; அன்றைய பயணத்தின் வரைபடம் அதில் இருக்கிறது. இன்னொன்றையும் காட்டலாம். எரிப்பானைத் திறந்ததும் பலூன் உடனே எழுவதில்லை. சில விநாடிகள் கழித்துத்தான் அசைகிறது. உள்ளே இருக்கும் இரண்டு டன் காற்றும் சேர்ந்துதானே நகர வேண்டும். காற்றின் எடையைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஆசிரியர் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: ‘சூடான காற்று மேலே எழும் என்பது சுருக்கமான வாக்கியம், தவறான வாக்கியம் இல்லையே. பத்து வயதுக் குழந்தைக்கு அது போதாதா?’ பூமியின் மேல், குளிர்ந்த காற்றுக்கு நடுவில் இருக்கும் வரை அது சரிதான். அந்த நிபந்தனை வாக்கியத்திலிருந்து உதிர்ந்துவிடுவதுதான் சிக்கல். விண்கலங்களில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே சுடர் மேல்நோக்கி நீளவில்லை. உருண்டையாக, மங்கிய நீலமாக, திரியைச் சுற்றி நின்றது. சூடான காற்று அங்கேயும் சூடாகத்தான் இருந்தது. அதைவிடக் கனமாக அழுந்திக் கீழே இறங்கி அதைத் தள்ள எதுவும் இல்லை, ஏனென்றால் எடை என்பதே அங்கே உணரப்படுவதில்லை. மேலே போகும் குணம் சூட்டுக்குள் குடியிருந்தால் சுடர் அங்கேயும் நீண்டிருக்க வேண்டும். இன்னொரு சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2005 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பிய விஜய்பத் சிங்கானியா வெப்பக்காற்று பலூனில் 21 கிலோமீட்டருக்கு மேல் ஏறி உலக சாதனை படைத்தார். அந்த உயரத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் அதிகம். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வேறுபாடு தாராளமாக இருந்தது. ஆனாலும் அவருக்குச் சாதாரணப் பலூனைப் போல இருபது மடங்கு கொள்ளளவு தேவைப்பட்டது. தள்ளிவிட அங்கே போதிய காற்று இல்லை. கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் பதினாறில் ஒரு பங்கு அடர்த்திதான். சூட்டை மட்டும் பேசும் வாக்கியம் இந்தப் பலூனின் பருமனுக்குக் காரணம் சொல்லாது. சுருக்கம் வேண்டுமென்றால், ‘கனமான காற்று இலேசான காற்றை மேலே தள்ளும்’ என்பதும் ஐந்தாறு சொற்கள்தான்.

அடுத்த மறுப்பு கணக்கைப் பற்றியது: அடர்த்தி, அழுத்தம் என்றெல்லாம் போனால் குழந்தைகள் மிரண்டுவிடுவார்கள், கண்ணுக்குத் தெரிவதைக் காட்டினால் போதும் என்பது. நான் பார்த்தவரை பலூன் செய்முறைப் பாடங்கள் தோற்பதற்குக் காரணமே கணக்கை விட்டுவிடுவதுதான். மெல்லிய வண்ணக் காகிதத்தில் அரை மீட்டர் விட்டமுள்ள உருண்டையைச் செய்து சூடான காற்றை நிரப்பினால் அது எழாது. செய்த குழந்தை தன் ஒட்டுவேலையில் பிழை என்று நினைத்துவிடும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காகிதம் சதுர மீட்டருக்கு 20 கிராம் என்றால் அந்த உருண்டையின் எடை 16 கிராம். வெளியே 30 டிகிரியும் உள்ளே 80 டிகிரியும் இருந்தால் அது தூக்கக்கூடியது 11 கிராம்தான். விட்டத்தை ஒரு மீட்டராக்குங்கள்: காகிதம் நான்கு மடங்காகி 63 கிராம், உள்ளே பிடிக்கும் காற்று எட்டு மடங்காகிறது, தூக்கும் வலு 86 கிராம். இப்போது எழும். பரப்பு நான்கு மடங்கு வளரும்போது கொள்ளளவு எட்டு மடங்கு வளர்கிறது என்பதைப் பெருக்கல் தெரிந்த எந்தக் குழந்தையும் போட்டுப் பார்க்கலாம். திருவிழாப் பலூன்கள் ஏன் ஆறேழு மாடிக் கட்டடம் அளவுக்கு இருக்கின்றன என்பதும் அப்போது விளங்கிவிடும். காற்றின் எடையை அளக்கவும் பெரிய கருவி தேவையில்லை. காற்று தளர்ந்த கால்பந்தை நுண்ணிய தராசில் நிறுத்து, பிறகு நன்றாகக் காற்றடித்து மறுபடி நிறுத்தால் நான்கைந்து கிராம் கூடியிருக்கும். ஒரு குச்சியை நடுவில் நூல்கட்டித் தொங்கவிட்டு, இரு முனையிலும் காகிதப் பைகளைக் கவிழ்த்துக் கட்டி, ஒன்றின் கீழே மட்டும் முடி உலர்த்தியின் சூடான காற்றை மெல்லக் காட்டி எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் உயரும். ஆறியதும் திரும்ப இறங்கும். தராசு சாய்வதைக் கண்டபின், சூடு எடையைக் குறைக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டியிருக்காது.

திருவிழா என்பது சுற்றுலா வியாபாரம், கூடைப் பயணத்துக்குக் கட்டணம் அதிகம், வசதியில்லாத வீட்டுக் குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பயணம் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன எல்லாமே தரையில் நின்று பார்ப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். விடியலின் குளிர், சிறு பலூனின் திசைமாற்றம், எரிப்பானைத் திறந்ததற்கும் பலூன் அசைவதற்கும் இடையிலான தாமதம், துணி நிமிரும் விதம் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன. கூடையில் ஏறியவருக்கு, காற்றோடு சேர்ந்து போவதால், முகத்தில் காற்று படுவதுகூடத் தெரியாது. ஆல்புகர்க்கியில் பார்வையாளர்கள் பலூன்களுக்கு நடுவிலேயே நடமாட விடப்படுகிறார்கள். எரிப்பானின் அனல் முகத்தில் படும் தூரம். நகரில் 2005 முதல் பலூன் அருங்காட்சியகமும் இருக்கிறது. 1978இல் அட்லான்டிக் பெருங்கடலை முதன்முதலாகப் பலூனில் கடந்த மூவரில் உள்ளூர்க்காரர்களான மாக்சி ஆண்டர்சன், பென் அப்ருசோ இருவரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. காசு செலவில்லாத மரபுகளும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய இந்திர விழாவில் காகிதத்தால் செய்த பெரிய புகைக்கூண்டுகளை வானில் ஏற்றுவது வழக்கம். தலைமுறைகளாகக் கைமாறி வரும் அந்தத் தொழில்நுட்பத்தில், இன்ன அளவுக்குக் கீழே செய்தால் எழாது என்ற அறிவும் சேர்ந்தே வருகிறது.

ஆபத்தைப் பற்றிய கவலையைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சோரில் சுற்றுலாப் பலூன் ஒன்று தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். மின்கம்பிகள் பலூனோட்டிகளின் நிரந்தரப் பகை. எல்லாத் திருவிழாக்களிலும் காற்று சரியில்லாத காலையில் பறப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆல்புகர்க்கியில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகளால் அதை அறிவிக்கிறார்கள். ஆசையாக வந்த குழந்தைக்குச் சிவப்புக் கொடி ஏமாற்றம்தான். தரையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும் காற்று, துணியை நிரப்பும்போதே அதைப் பாய்மரமாக்கிவிடும் என்பதை விளக்கினால், பறக்காத காலையும் பாடமாகிவிடும். பள்ளிகளைப் பொறுத்தவரை என் நிலை கறாரானது: எரியும் திரியோடு எதையும் வானில் விடக்கூடாது. அது எங்கே போய் விழும் என்பதை விட்டவரால் தீர்மானிக்க முடியாது. ஓலைக் கூரையும் வைக்கோற்போரும் உள்ள ஊர்களில் அது தீவைப்புக்குச் சமம். காகிதப் பலூனுக்கு நெருப்பைத் தரையிலேயே வைத்து, ஒரு தகரக் குழாய் வழியாகச் சூடான காற்றை நிரப்பி, நூல்கட்டி ஏற்றினால் போதும். மெல்லிய கறுப்புப் பாலித்தீனில் பல மீட்டர் நீளப் பை செய்து வெயிலில் விட்டால் நெருப்பே இல்லாமல் எழும். அதையும் நூலை விட்டு அவிழ்க்கக்கூடாது. இதற்கும் காலை இளவெயில்தான் நல்லது: சூரியன் பையைச் சூடாக்கிவிடும், சுற்றியிருக்கும் காற்று இன்னும் குளிர்ந்தே இருக்கும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சியில் பன்னாட்டு பலூன் திருவிழா நடந்துவருகிறது. ஆல்புகர்க்கிக்கு ஆற்றுப் பள்ளத்தாக்கு போலப் பொள்ளாச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுக்கும் அந்த வாசலில், தை மாதத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் புகுந்து போகும். 2025 ஜனவரியில் அங்கே எழும்பிய ஒரு பலூன் மாநில எல்லையைக் கடந்து பாலக்காடு மாவட்டத்தின் வயல் ஒன்றில் இறங்கியது பரபரப்பான செய்தியாக வந்தது. கணவாயின் காற்றைத் தெரிந்த குழந்தைக்கு அதில் பரபரப்பு எதுவும் இருந்திருக்காது. வேறு எங்கே போயிருக்கும் என்றுதான் கேட்டிருக்கும். அந்த மைதானத்து வாசலில் ஒரு வெப்பமானியும் ஒரு கரும்பலகையும் வைத்து, காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் வெளி வெப்பநிலையை எழுதிப்போட்டு, மேலே நாம் பார்த்த 2,200 கன மீட்டர் பலூன் அந்தந்த நேரத்தில் எத்தனை கிலோ தூக்கும் என்று வந்திருக்கும் மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். 19 டிகிரி விடியலுக்கும் 32 டிகிரி வெயிலுக்கும் இடையே விடை நூறு கிலோவுக்கு மேல் குறையும். அந்த நூறு கிலோவுக்காகக் கூடையிலிருந்து யாரை இறக்குவது என்று அவர்கள் விவாதிக்கட்டும்.